அத்தியாயம் 7: துறை அறிஞர் உள்ளே வரும்போது

தமிழ் விக்கிப்பீடியாவின் ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தில் ஒரு வரி தோன்றுகிறது. இன்றுதான் கணக்குத் தொடங்கிய பயனர். இரத்தச்சோகை பற்றிய கட்டுரையில் மூன்று பத்திகளை எடுத்துவிட்டு வேறு இரண்டைச் சேர்த்திருக்கிறார். தொகுப்புச் சுருக்கம் எழுதவில்லை. மேற்கோள் ஒன்றுகூட இல்லை. குறைந்துபோன பைட்டுகளின் எண் சிவப்பில் நிற்கிறது. சுற்றுக்காவலில் இருப்பவரின் கை தானாகவே மீளமைக்கும் பொத்தானுக்குப் போகும். அந்தக் கையைச் சற்று நேரம் நிறுத்திவைப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

விசமியும் வல்லுநரும் முதல் நாளில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். விசமி கட்டுரையை வெட்டுவார். வல்லுநரும் வெட்டுவார், இன்னும் துணிச்சலாக வெட்டுவார். தவறு என்று முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லிவந்த ஒன்றை அழிக்க அவர் யாரிடம் அனுமதி கேட்கப் போகிறார்? பைட்டு எண்ணிக்கையை வைத்து இருவரையும் பிரிக்க முடியாது. எழுதியதைப் படித்துத்தான் பிரிக்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு ஒன்றே இரத்தச்சோகைக்குக் காரணம் என்று சொன்ன பத்தி போய், அந்த இடத்தில் பி12 குறைபாடு, ஃபோலேட் குறைபாடு, தலசீமியா, நாட்பட்ட சிறுநீரக நோய் என்று காரணங்கள் வகைபிரிந்து வந்திருந்தால், வந்திருப்பவர் எப்படிப்பட்டவர் என்று ஊகிக்க அது போதும்.

அன்றைக்கு அந்தத் திருத்தத்தை இருக்க விடுங்கள். ‘மேற்கோள் தேவை’ குறியை ஓரிரு இடங்களில் இடலாம். வரிக்கு வரி இட்டால், திருத்திய விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். மருந்தின் அளவு, நஞ்சுக்குச் சிகிச்சை, வாழும் ஒருவர் மீதான குற்றச்சாட்டு ஆகியவற்றில் மட்டும் இந்தத் தாராளம் கூடாது. அங்கே ஆதாரமில்லாத வரியை உடனே எடுத்துவிட்டு, ஏன் எடுத்தோம் என்று அவருக்கு எழுதுங்கள்.

முதல் கடிதம்

புதுப்பயனர் பேச்சுப் பக்கத்தில் விழும் வரவேற்பு வார்ப்புரு எல்லோருக்கும் பொதுவானது. அதில் பத்துப் பதினைந்து இணைப்புகள் இருக்கும். பள்ளி மாணவர் ஒருவர் அதை ஆர்வமாகச் சொடுக்கிப் பார்க்கக்கூடும். நாளெல்லாம் சுற்றறிக்கை படித்துச் சலித்த பேராசிரியர் இதையும் ஒரு சுற்றறிக்கையாகவே எடுத்துக்கொள்வார். வார்ப்புரு இருக்கட்டும், அதன் கீழே உங்கள் கையால் நான்கு வரி எழுதுங்கள். அவர் செய்த குறிப்பிட்ட திருத்தம் ஒன்றைப் பற்றி அதில் பேச வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

“வணக்கம். இரத்தச்சோகை கட்டுரையில் நீங்கள் செய்த மாற்றங்களைப் படித்தேன். காரணங்களை வகைபிரித்து எழுதியது கட்டுரைக்கு மிகவும் தேவைப்பட்ட ஒன்று. இங்கே ஒவ்வொரு தகவலுக்கும் அச்சிலோ இணையத்திலோ வெளியான ஆதாரம் ஒன்றைக் காட்டுவது வழக்கம். நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் பாடநூலின் பெயரும் பதிப்பும் பக்க எண்ணும் சொன்னால், உரிய இடத்தில் நானே சேர்த்துவிடுகிறேன். நீங்கள் நீக்கிய மூன்றாவது பத்தியில் கருவுற்ற பெண்களைப் பற்றி ஒரு வரி இருந்தது. அதுவும் தவறா, அல்லது மற்றவற்றோடு சேர்ந்து போய்விட்டதா?”

கடைசிக் கேள்விதான் இந்தக் கடிதத்தின் உயிர். அதற்குப் பதில் எழுத அவருக்குக் கை துறுதுறுக்கும். பதில் எழுதினால் பேச்சுப் பக்கம் என்று ஒன்று இருப்பதும், எதிர்முனையில் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். மெய்யறிதன்மை, குறிப்பிடத்தக்கமை, நடுநிலை நோக்கு என்ற நம் வீட்டுச் சொற்கள் முதல் கடிதத்தில் வேண்டாம். ‘ஐயா’ என்று தொடங்குவதும் வேண்டாம். பயனர் பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது, ‘ஐயா’ என்று அழைக்கப்பட்டே களைத்துப்போன பெண் மருத்துவர்களும் பேராசிரியர்களும் நிறைய இருக்கிறார்கள். அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட பிறகு டாக்டர் என்றோ பேராசிரியர் என்றோ அழைக்கலாம். அந்த மரியாதையில் கஞ்சத்தனம் காட்டத் தேவையில்லை.

ஒருவர் எழுதினால் போதும். ஐந்து பேர் அடுத்தடுத்து வந்து ஆளுக்கொரு விதியை விளக்கினால் அது விசாரணைக் குழு. அன்று அவருக்கு எழுதத் தொடங்கியவரே அடுத்த சில வாரங்களுக்கு அவருடைய தொடர்பாளராக இருக்கட்டும். மற்றவர்கள் கண்ட குறைகளை அந்தத் தொடர்பாளரிடம் சொல்லலாம்.

எழுதச் சொல்வதற்கு முன் படிக்கச் சொல்லுங்கள்

அறிஞர் ஒருவர் கிடைத்தவுடன் நமக்கு வரும் முதல் ஆசை, அவர் துறையில் சிவப்பு இணைப்பாகக் கிடக்கும் கட்டுரைகளின் பட்டியலைக் கையில் திணிப்பது. அவரும் மரியாதைக்குச் சரி என்பார். பிறகு தேர்வு வரும், விடைத்தாள் திருத்தம் வரும், பிள்ளைக்குக் கல்யாணம் வரும். கட்டுரை மட்டும் வராது.

அதற்குப் பதிலாக, ஏற்கெனவே உள்ள கட்டுரை ஒன்றைப் படித்துத் தவறுகளைக் குறிக்கச் சொல்லுங்கள். அரைமணி நேர வேலை, விக்கி நிரல் எதுவும் தெரிய வேண்டாம், பேச்சுப் பக்கத்தில் எண் போட்டு எழுதினால் போதும். அவருக்கு அது வழக்கமான வேலை. நமக்கோ அது வேறு எங்கும் கிடைக்காதது. நிரல் எழுதவும் பகுப்பு இடவும் உரை திருத்தவும் நம்மிடம் ஆள் உண்டு. தெளிவாக, தன்னம்பிக்கையோடு, நான்கு மேற்கோளுடன் எழுதப்பட்டும் அடிப்படையிலேயே தவறான ஒரு பத்தியைப் பார்த்தவுடன் கண்டுபிடிக்கும் ஆள்தான் இல்லை.

‘நேச்சர்’ இதழ் 2005 டிசம்பரில் செய்ததும் இதைத்தான். விக்கிப்பீடியாவிலிருந்தும் பிரிட்டானிக்காவிலிருந்தும் எடுத்த 42 அறிவியல் தலைப்புகளைத் துறை அறிஞர்களிடம் கொடுத்துத் தவறுகளைக் குறிக்கச் சொன்னது. கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் சுமார் நான்கு, பிரிட்டானிக்காவில் சுமார் மூன்று. ஒப்பீடு சரியில்லை என்று பிரிட்டானிக்கா மறுத்தது. அந்தச் சண்டை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ‘நேச்சர்’ வெளியிட்ட தவறுகளின் பட்டியலை வைத்து ஆங்கில விக்கிப்பீடியர்கள் அடுத்த சில வாரங்களில் கட்டுரைகளைத் திருத்தி முடித்ததைத்தான் யாரும் பேசுவதில்லை. பட்டியல் கிடைத்தது, வேலை நடந்தது.

அந்த இரண்டாம் பாதி நம் பொறுப்பு. அறிஞர் குறித்துக் கொடுத்த பட்டியல் ஒரு மாதம் பேச்சுப் பக்கத்தில் தூங்கினால் அவர் இரண்டாவது பட்டியல் தரமாட்டார். ஒரு வாரத்துக்குள் திருத்துங்கள். எதைத் திருத்தினீர்கள், எதை ஏன் திருத்தவில்லை என்று ஒவ்வோர் எண்ணுக்கும் கீழே எழுதுங்கள். தவறுகளோடு இன்னும் இரண்டையும் கேட்டு வாங்கலாம்: கட்டுரையில் இல்லாமலே போன முக்கியமான செய்தி எது, இந்தத் தலைப்பில் எழுதுபவர் முதலில் படிக்க வேண்டிய மூன்று நூல்கள் எவை? அவர் பிறகு ஒரு வரிகூட எழுதாமல் போனாலும் அந்த மூன்று நூல்களின் பெயர் பத்தாண்டு பயன்படும்.

“ஆதாரமா? நான்தான்”

இனி வருவது கடினமான பகுதி. அறிஞருக்கும் விக்கிப்பீடியாவுக்கும் முறிவு ஏற்படுவது அநேகமாக இங்கேதான்.

அமெரிக்காவில் ஓகையோ மாநிலத்தின் பவுலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த டிமத்தி மெஸ்ஸர்-குரூஸ், சிகாகோவின் ஹேமார்க்கெட் நிகழ்வை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். 1886 மே 4 அன்று தொழிலாளர் கூட்டத்தில் குண்டு வெடித்து, பின்னர் நான்கு பேர் தூக்கிலிடப்பட்ட அந்த நிகழ்வு மே தின வரலாற்றோடு பிணைந்தது என்பதால் தமிழ் வாசகருக்கும் புதிதல்ல. குற்றம் சாட்டப்பட்டவர்களைக் குண்டோடு தொடர்புபடுத்த அரசுத் தரப்பு சாட்சியம் எதுவும் தரவில்லை என்று ஆங்கில விக்கிப்பீடியா எழுதியிருந்தது. வழக்கின் மூல ஆவணங்களைப் படித்திருந்த அவருக்கு அது தவறென்று தெரியும்; நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகள் அழைக்கப்பட்ட வழக்கு அது. 2009-ல் திருத்தினார். மீளமைத்தார்கள். மூல ஆவணம் போதாது, வெளியான நூல் வேண்டும் என்றார்கள். 2011-ல் அவருடைய நூலே வெளியானது. மறுபடி வந்து திருத்தினார். மற்ற வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலோர் வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள், உங்களுடையது சிறுபான்மைக் கருத்து என்று மீண்டும் மீளமைத்தார்கள். 2012-ல் அமெரிக்க உயர்கல்வி வார இதழ் ஒன்றில் அவர் இதையெல்லாம் எழுதினார். அதன் பிறகுதான் கட்டுரை அசைந்தது.

இந்தக் கதையைச் சொல்லும் பலர் விதியைத் திட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்ததை அன்றைக்கே உண்மை என்று எழுதத் தொடங்கினால், குமரிக்கண்டத்தின் வரைபடத்தை நேற்றுக் கண்டெடுத்தவருக்கும் நாம் இடம் விட வேண்டியிருக்கும். விதி சரி, வரவேற்புதான் கெட்டது. அந்தப் பேராசிரியருக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வாக்கிய அமைப்பு: வரலாற்றாசிரியர்கள் பலர் இப்படிக் கூறுகின்றனர், வழக்கு ஆவணங்களை ஆராய்ந்த மெஸ்ஸர்-குரூஸ் இதை மறுத்து, இன்னின்ன சாட்சியங்கள் முன்வைக்கப்பட்டன என்கிறார். பழைய கருத்தும் நிற்கும், புதியதும் நுழையும், யார் சொன்னது என்பதும் தெளிவாக இருக்கும். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தை எழுதிக் காட்ட ஒருவர் முன்வந்திருந்தால் மூன்றாண்டு இழுபறி ஒரு மாலையில் தீர்ந்திருக்கும்.

ஆகவே அறிஞர் “ஆதாரமா? நான்தான்” என்று சொல்லும்போது இப்படிப் பதில் சொல்லிப் பாருங்கள்: “நீங்கள் சொல்வதை நான் சந்தேகிக்கவில்லை. நாளைக்கு உங்கள் பெயரையே வைத்துக்கொண்டு வேறொருவர் வந்து இதற்கு நேர்மாறாக எழுதினால், உங்கள் வரியைக் காப்பாற்ற எனக்கு ஒரு நூலும் பக்க எண்ணும் வேண்டும்.” இது உபசார வார்த்தை இல்லை. இறையியல் பேராசிரியர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு ஆங்கில விக்கிப்பீடியாவில் பெரிய பொறுப்புகள்வரை உயர்ந்த ஒருவர், உண்மையில் 24 வயது இளைஞர் என்று 2007-ல் தெரியவந்தது. அவர் வாதங்களில் தன் பட்டத்தை ஆயுதமாகப் பயன்படுத்தியிருந்தார். பட்டத்தைச் சரிபார்க்க நமக்கு வழியில்லை, பக்க எண்ணைச் சரிபார்க்க உண்டு. இதைச் சொன்னால் பெரும்பாலான அறிஞர்கள் உடனே புரிந்துகொள்கிறார்கள். ஆய்வேட்டில் அடிக்குறிப்பு இல்லாத பக்கத்தைத் திருப்பி அனுப்பியவர்கள்தானே அவர்கள்.

பட்டத்துக்கே அதிகாரம் கொடுத்துப் பார்த்த முயற்சியும் உண்டு. விக்கிப்பீடியாவுக்கு முன் 2000-ல் ஜிம்மி வேல்ஸ் தொடங்கிய நூபீடியாவில் லாரி சாங்கர் தலைமை ஆசிரியர். கட்டுரைகள் அறிஞர் கையில், ஏழு கட்டப் பரிசீலனையில். 2003-ல் மூடியபோது முழுமையடைந்தவை ஏறத்தாழ இரண்டு டசன். சாங்கர் 2006-ல் அறிவித்த சிட்டிசன்டியமும் அறிஞருக்கு மேலிடம் கொடுத்தது, அதுவும் தழைக்கவில்லை. நம் பெரியசாமித் தூரனின் கலைக்களஞ்சியம் 1954 தொடங்கிப் பத்துத் தொகுதிகள் வந்ததே என்று கேட்கலாம். அங்கே முழுநேர ஆசிரியர் குழு இருந்தது, அரசின் நிதியுதவி இருந்தது. நம்மிடம் இருப்பது இரவு ஒன்பது மணிக்கு மேல் கணினி முன் உட்காரும் தன்னார்வலர்கள்.

சொந்த நூல், சொந்தப் பெயர்

அறிஞர் தன் நூலைத் தானே மேற்கோள் காட்டுவது குற்றமல்ல. அந்தத் தலைப்பில் தமிழில் அது ஒன்றே நூலாகவும் இருக்கலாம். எட்டு மேற்கோளில் ஏழு அவருடையதாக இருந்தால், “இதே கருத்தை வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா? அதையும் சேர்த்தால் கட்டுரை வலுப்படும்” என்று கேளுங்கள். விளம்பரம் என்ற சொல்லை எடுக்கவே வேண்டாம்.

சிக்கல் பெரிதாவது, அவர் தன் நூலின் ஓர் இயலை அப்படியே ஒட்டும்போது. பதிப்புரிமை மீறல் என்று நிர்வாகி ஒருவர் நீக்குவார். “என் புத்தகத்தை நானே திருடுவேனா?” என்று கேட்டுவிட்டு அவர் போய்விடுவார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது, நீக்கியதிலும் நியாயம் இருக்கிறது. ஒட்டியவர்தான் நூலாசிரியர் என்று பயனர் பெயரை வைத்து உறுதிசெய்ய முடியாது. ஆசிரியராகவே இருந்தாலும் ஒப்பந்தப்படி உரிமை பதிப்பகத்திடம் இருக்கலாம். விக்கிப்பீடியாவில் இட்ட எழுத்தை எவரும் மாற்றலாம், விற்கவும் செய்யலாம் என்பதையும் அவர் தெரிந்துகொண்டுதான் தர வேண்டும். நீக்குவதற்கு முன்பே இதை அவரிடம் பேசுங்கள். உரிமை அவரிடமே இருந்தால் மின்னஞ்சல் வழி எழுத்துமூல அனுமதி தரும் நடைமுறை இருக்கிறது. ஆனாலும் நூலின் இயல் கலைக்களஞ்சியக் கட்டுரை ஆகாது. அதன் குறிப்புகளை வைத்துப் புதிதாக எழுதுவதே இருவருக்கும் நல்லது.

தன்னைப் பற்றிய கட்டுரையைத் திருத்த வருபவர்கள் தனி ரகம். அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத், தன் நாவல் ஒன்றின் பாத்திரத்துக்கு யார் தூண்டுதல் என்று விக்கிப்பீடியா தவறாக எழுதியிருப்பதைத் திருத்தக் கேட்டபோது, வேறு ஆதாரமும் வேண்டும் என்று பதில் வந்தது. 2012 செப்டம்பரில் அவர் ‘நியூயார்க்கர்’ தளத்தில் விக்கிப்பீடியாவுக்கு நீண்ட திறந்த மடல் எழுதினார். அந்த மடலே ஆதாரமாகிக் கட்டுரைக்குள் போனது. நம் எழுத்தாளர்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். பிறந்த ஆண்டு, நூற்பட்டியல் போன்ற எளிய பிழைகளைப் பேச்சுப் பக்கத்தில் சொல்லச் சொல்லி நாமே திருத்திவிடலாம். புகழுரை சேர்க்க வந்தால் மட்டும் அன்பாக மறுத்துவிடுங்கள்.

தட்டச்சும் சொல்லும்

ஆங்கில விக்கிப்பீடியாவின் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. நமக்கு இதுதான் பாதி வேலை. மூத்த பேராசிரியர்கள் பலரின் வாழ்நாள் எழுத்து பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கிறது. அதை அப்படியே ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளில் போட்டு ஒருங்குறிக்குக் கொண்டுவந்து, கால் குறியும் ‘ர’ எழுத்தும் கலந்துபோன இடங்களை நீங்களே படித்துத் திருத்திக் கொடுங்கள். கையால் எழுதித் தருபவரும் உண்டு, குரல் பதிவாக அனுப்புபவரும் உண்டு. வாங்கிக்கொள்ளுங்கள். அவர் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, பக்கத்தில் இருந்து அவரையே சேமிக்கும் பொத்தானை அழுத்த வைத்தால், பக்க வரலாற்றில் அவர் பெயர் நிற்கும், உரிமம் பற்றிய கேள்வியும் எழாது.

அடுத்தது கலைச்சொல். யாழ்ப்பாணத்து விரிவுரையாளர் ஒட்சிசன், கலம், இழையம் என்று எழுதுவார். சென்னைக்காரர் ஆக்சிஜன், செல், திசு என்பார். இருவரும் தாம் படித்த, கற்பித்த சொல்லைத்தான் எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் ‘திருத்துவது’ தமிழ் விக்கிப்பீடியாவில் அறிஞரை இழக்க மிக விரைவான வழி. தலைப்பு எதுவானாலும் மற்றச் சொல்லுக்கு வழிமாற்று அமையுங்கள், முதல் வரியில் இரண்டையும் தாருங்கள், கட்டுரைக்குள் முதலில் எழுதியவரின் வழக்கை விட்டுவிடுங்கள். கிரந்த எழுத்து விவாதத்தை அவருடைய முதல் மாதத்தில் தொடங்கவே தொடங்காதீர்கள். அது நம் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் நம்மோடு என்றும் இருக்கும். அவர் சற்றுப் பழகியபின் வந்து சேர்ந்துகொள்ளலாம்.

பதிலுக்கு என்ன தருகிறோம்

பணம் இல்லை, கட்டுரையின் தலையில் பெயர் இல்லை, பதவி உயர்வுக்கு மதிப்பெண் இல்லை. இதை மறைக்க வேண்டாம். சில இடங்களில் வழி கண்டிருக்கிறார்கள். ‘ஆர்என்ஏ பயாலஜி’ ஆய்விதழ் 2008-ல் ஆர்என்ஏ குடும்பங்கள் பற்றி எழுதுவோர் அதற்கொரு விக்கிப்பீடியா பக்கமும் ஆயத்தம் செய்ய வேண்டும் என்றது. ஆங்கில விக்கிப்பீடியாவின் டெங்குக் காய்ச்சல் கட்டுரை 2014-ல் அறிஞர் பரிசீலனைக்குப் பிறகு ‘ஓப்பன் மெடிசின்’ ஆய்விதழில் வெளியானது. தமிழில் அப்படியொன்றைச் செய்ய முன்வரும் ஆய்விதழ் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

அதுவரை நம்மிடம் உள்ள நல்ல பரிசு பக்கப் பார்வைகளின் எண்ணிக்கை. சில நூறு படிகள் அச்சாகும் நூலை எழுதிப் பழகியவருக்கு, அவர் திருத்திய பக்கத்தை ஒரு மாதத்தில் எத்தனை பேர் திறந்தார்கள் என்ற வரைபடத்தை அனுப்பிப் பாருங்கள். பதக்கங்களைவிட அது வேலை செய்யும். தமிழ் விக்கிப்பீடியாவை 2003 முதலே தாங்கிய மயூரநாதன் தொழிலால் கட்டடக்கலைஞர் என்பதையும் சொல்லலாம். தொழிலும் குடும்பமும் உள்ளவர்கள் கட்டியதுதான் இது என்று தெரிந்தால் புதியவருக்குத் தயக்கம் குறையும்.

சில மாதங்களில் அவர் வருவது நிற்கலாம். நின்றால் துரத்தாதீர்கள். ‘உங்களைக் காணவில்லையே’ என்ற பொதுவான அழைப்புக்குப் பதில் வராது. ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து, அவரால் மட்டுமே சொல்ல முடிந்த ஒரே ஒரு கேள்வியை, பத்தியின் இணைப்போடு அனுப்புங்கள்: “டெங்கு கட்டுரையில் தடுப்பூசி பற்றிய பத்தி பழையதாகிவிட்டதா? பார்த்து, ஆம் இல்லை என்று மட்டும் சொன்னால் போதும்.”